ஸ்டேஷனுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

போன் பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வரும். "அண்ணா, ஸ்டேஷன்ல இருந்து கூப்ட்டாங்க. காலைல பத்து மணிக்கு வரணுமாம். எதுக்குன்னு சொல்லல." எதுக்கு என்று கூப்பிட்டவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ராத்திரி அவன் தூங்க மாட்டான். தன் பாலினத்தையே விரும்புகிற எங்களைப் போன்றவர்கள் அந்த ஒரு ராத்திரியில் என்னென்ன எழுதி வைக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தம்பு செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் இல்லை. கட்டு கட்டுவது, பக்க எண் போடுவது, ஃபைலிங்கில் ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிபண்ணித் திரும்பப் போடுவது, ஆர்டர் காப்பிக்கு அலைவது, இதுதான் இருபத்திரண்டு வருஷமாக வேலை. பிறந்தது தண்டையார்பேட்டை, இருப்பதும் அங்கேயே. ஆணை விரும்புகிற ஆண். எங்கள் பக்கம் எங்களில் பலர் எங்களுக்குள் 'கோத்தி' என்று சொல்லிக்கொள்வோம். மனுவில் எழுதும்போது 'தன்பாலீர்ப்பாளர்' என்று எழுதுவேன். ஸ்டேஷன் ரைட்டர் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்க்கிற சொல் அது. அந்த ஒரு நிமிஷம் பேச்சு மரியாதைக்கு மாறும், பல தடவை பார்த்திருக்கிறேன்.

காகிதத்தின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. 2006-ல், ரயில்வே லைன் ஓரம், நானும் ஒரு நண்பனும் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுதான், வேறொன்றுமில்லை. ரோந்து வந்த இரண்டு பேர் எங்களைப் பிடித்து, "377-ல போட்டா ஆயுசுக்கும் உள்ள கெடப்பீங்க" என்றார்கள். கையிலிருந்த அறுநூறு ரூபாய், அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், இரண்டும் போனது. பணத்தை விடுங்கள். நண்பனை வீட்டுக்குக் கூட்டிப்போய் அவன் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் அதன் பிறகு ஊரில் இல்லை. அன்றைக்கு நான் எதையும் எழுதவில்லை, யாரிடமும் கொடுக்கவில்லை. அவர்கள் நெஞ்சில் குத்தியிருந்த பெயரைக்கூடப் படிக்கவில்லை. நடந்ததற்கு இன்று வரை ஒரு துண்டுச் சீட்டு சாட்சி கிடையாது. அது என்னை இன்னும் அரிக்கிறது.

அந்த 377 இன்று இல்லை. இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மிரட்டுகிற ஆள் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்லுவான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கப் பயன்படுத்திய பிரிவு அது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் திரும்ப ஒட்ட வைத்தது, 2018 செப்டம்பர் 6-ல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒரே முடிவாக, வயது வந்தவர்கள் இருவர் சம்மதித்து இருப்பது குற்றமே இல்லை என்றார்கள். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. ஆகவே யாராவது "377 கேஸ்" என்றால், அப்படி ஒரு பிரிவு இப்போதைய சட்டப் புத்தகத்தில் இல்லை. சண்டை போடாமல், மெதுவாக, "ஐயா, எந்தப் பிரிவு, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

ஆனால் ரோட்டில் நிற்பவர்களுக்கு வேறொரு எண் காத்திருக்கும், 75. சென்னை நகரக் காவல் சட்டம், 1888-ல் போட்டது, அதன் 75-வது பிரிவு. பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று பெட்டி கேஸ் போட்டு அபராதம் கட்டச் சொல்வார்கள். கையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கேஸ் போட்டால் கோர்ட்டில் கட்டுகிறேன், ரசீது வேண்டும் என்று சொல்லுங்கள். நேரம், இடம், சட்டையில் இருக்கும் பெயர், வண்டி எண் நான்கையும் அங்கிருந்து நகர்ந்ததும் போனில் தட்டி, நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிந்துவிடும். 2006-ல் எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

காணவில்லை என்று புகார் போகும்போது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பெண்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ வீட்டை விட்டு வந்துவிடுவார்கள், வீட்டில் 'பெண் காணவில்லை' என்று புகார் கொடுப்பார்கள், போலீஸ் தேடும். போன வருஷம் வந்த இருவரில் ஒருத்தி கொருக்குப்பேட்டை, மெடிக்கல் ஷாப்பில் வேலை. இன்னொருத்தி எண்ணூர், அப்பா மீன்பிடித் தொழில். இருவருக்கும் 23 வயது. ஆபீஸ் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக. அந்தச் செருப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

அவர்கள் இருவருக்கும் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் காகிதம் வயதுக்கானது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், இருவருக்கும். ஒருத்திக்கு ஒரு மாதம் குறைந்தால்கூட இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் பொருந்தாது. போக்சோ சட்டம் வரும், பெரியவளாக இருப்பவள் சிறைக்குப் போவாள். அப்படியானால் காத்திருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் வயதுக்கு நல்ல ஆதாரம், ஆனால் அது அம்மாவின் பீரோவில் இருக்கும். அதை எடுக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளுங்கள், ஆதாரும் அங்கேயே கிடைக்கும். வேறொரு போனிலோ மெயிலிலோ ஒரு நகல் போட்டு வையுங்கள். சிம் அப்பா பெயரில் இருந்தால் ஒருநாள் அது திடீரென்று நின்றுபோகும்.

நகை. இதைச் சொல்லாமல் விட முடியாது. காணவில்லை புகார் எடுபடாது என்று தெரிந்ததும் அடுத்து வருவது, "பத்து சவரன் எடுத்துட்டுப் போயிட்டா" என்ற திருட்டுப் புகார். காதில் கிடக்கும் தோடு தவிர ஒரு குண்டுமணி தங்கம் எடுக்காதீர்கள். கிளம்பும் முன், பீரோவில் எல்லாம் இருக்கிறது, பையில் இருப்பது இவ்வளவுதான் என்று இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். எண்ணூர்ப் பெண் பாட்டி போட்ட மோதிரத்தைக்கூடக் கழற்றி சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு வந்திருந்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அந்த மோதிரப் படம் பின்னால் ஸ்டேஷனில் பேசியது.

அடுத்தது கடிதம். வீட்டை விட்டு வந்த அன்றே, இருவரும் தனித்தனியாக, அவரவர் வீடு இருக்கும் எல்லையின் காவல் ஆய்வாளருக்கு. நகல் அந்த எல்லையின் துணை ஆணையருக்கும் காவல் ஆணையருக்கும். நான் வைத்திருக்கும் மாதிரி இது:

அனுப்புநர்: (பெயர், தகப்பனார் பெயர், வயது, மே/பா வழக்கறிஞர் முகவரி)

பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ………… காவல் நிலையம், சென்னை.

பொருள்: என் சுய விருப்பத்தில் வீட்டை விட்டு வெளியேறியதைத் தெரிவிப்பதும், பாதுகாப்பு கோருவதும் குறித்து.

ஐயா, நான் …… தேதியில் பிறந்தவள், 18 வயது நிரம்பியவள். …… தேதி …… மணிக்கு என் சுய விருப்பத்தின் பேரில் வீட்டை விட்டு வெளியேறினேன். யாரும் என்னைக் கடத்தவோ மிரட்டவோ ஆசைகாட்டி அழைத்து வரவோ இல்லை. என் உடைகள், சான்றிதழ் நகல்கள் தவிர வேறெதையும் எடுத்து வரவில்லை. நான் காணாமல் போனதாகப் புகார் வந்தால் என் வழக்கறிஞர் மூலம் தெரிவித்து என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, சென்னை உயர் நீதிமன்றம் ரிட் மனு (W.P.) எண் 7284/2021-ல் 07.06.2021 அன்று பிறப்பித்த உத்தரவின்படி அப்புகாரை முடித்து வைக்கவும், என் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு அளிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். காதல் பற்றி ஒரு வரி வேண்டாம். யாரோடு இருக்கிறேன், எப்படிப் பழகினோம் என்று எழுத வேண்டாம். தங்கியிருக்கும் முகவரியை எழுதவே வேண்டாம். எழுத உட்கார்ந்தால் மனது எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும். அதற்கு வேறொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிமுனை ஜி.பி.ஓ.வில் அனுப்புங்கள். முன்பு பதிவுத் தபால், ஒப்புகை அட்டை என்போம். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். ரசீதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த மை ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

கடிதத்தில் சொன்ன அந்த 2021 உத்தரவு நம் ஊரில் பிறந்தது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து, பெற்றோரும் போலீசும் துரத்த, உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். எஸ்.சுஷ்மா வழக்கு என்பார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று திறந்து சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். காணவில்லை என்ற புகாரில் விசாரித்து, இருவரும் வயது வந்தவர்கள், சம்மதித்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொல்லையும் தராமல் புகாரை முடிக்க வேண்டும். இதுதான் போலீசுக்கு அவர் சொன்னது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக ஜெராக்ஸ் எடுத்து, மேலே மஞ்சள் கோடு போட்டு எடுத்துப்போங்கள். முழுத் தீர்ப்பை நீட்டினால் யாரும் புரட்ட மாட்டார்கள்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும்? பெண்ணை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் தங்கியிருக்கும் இடம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் இவர்கள் இருவரும் தாங்களே, வக்கீலோடு, காலை பதினொரு மணிக்குப் போனார்கள். சாயங்காலம் போகாதீர்கள். உள்ளே இரண்டு குடும்பமும் இருபது உறவினரும் காத்திருப்பார்கள். அம்மா காலைப் பிடித்து அழுவார். அது நடிப்பில்லை, உண்மையான அழுகை. அதனால்தான் அதைத் தாங்குவது கடினம். ஐந்து நிமிஷம் அம்மாவோடு பேச வேண்டுமென்றால் எஸ்.ஐ. மேஜைக்கு முன்னாலேயே பேசுங்கள். "வெளிய வா, தனியாப் பேசலாம்" என்றால் போகாதீர்கள், வாசலில் கார் நிற்கும்.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாள் வரும். "இனிமே அவளோட சேர மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா." எழுதாதீர்கள். வாக்குமூலம் என்பது ரைட்டர் எழுதி, நீங்கள் படித்துப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுவது. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தச் சட்டத்திலும் கிடையாது. மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்று இரவுக்குள், எத்தனை மணிக்கு, யார், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று எழுதி துணை ஆணையருக்கு அனுப்புங்கள். நாள் தள்ளத் தள்ள அந்தத் தாளுக்குப் பலம் கூடிக்கொண்டே போகும்.

கொருக்குப்பேட்டைப் பெண்ணின் தகப்பனார் அன்றைக்கு என்னைப் பார்த்து, "உனக்கும் பொண்ணு இருந்தா தெரியும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஆய்வாளர் இரண்டு வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டு, ஒரு மணி இருபது நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். மஞ்சள் கோடு போட்ட பக்கத்தைத் தானே வைத்துக்கொண்டார்.

வீட்டில் பூட்டி வைத்துவிட்டால்

இதில் நேரம்தான் எல்லாம். ஆட்கொணர்வு மனுவை அடைக்கப்பட்டவர்தான் போட வேண்டும் என்றில்லை, ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தோழி போடலாம். நேராக உயர் நீதிமன்றத்தில் போட்டால், இரண்டு நீதிபதிகள் அமர்வு கேட்கும், போலீஸ் அந்தப் பெண்ணையோ பையனையோ கூட்டி வந்து முன்னால் நிறுத்த வேண்டும். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, வேலூர்ப் பக்கம் வீட்டாரிடம் சிக்கியிருந்த 25 வயதுப் பெண்ணை அவள் தோழியோடு போக விட்டது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று எழுதினார்கள். அதில் போலீசார் நடந்துகொண்ட விதத்தையும் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் காப்பி வந்த அன்று நான் அதை ஆபீசில் சத்தமாக வாசித்தேன்.

அதற்கு ஒரு வருஷம் முன், 2024 மார்ச்சில், தேவு ஜி. நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழே உள்ள எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிமுறை கொடுத்தது. மனு போட்டவருக்கும் அடைபட்டவருக்கும் என்ன உறவு என்று துருவக் கூடாது. அடைபட்டவரிடம் வீட்டார் இல்லாமல், தனியாக நீதிபதி பேச வேண்டும். மனதை மாற்ற கவுன்சிலிங்குக்கு அனுப்பக் கூடாது. உங்கள் வக்கீலுக்கு இது தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், தவறில்லை.

மனுவுக்கு வேண்டியவை: அடைபட்டவரின் புகைப்படம், வயதுச் சான்று, வீட்டு முகவரி, கடைசியாக அனுப்பிய செய்தி. "என்ன அடைச்சு வெச்சிருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போ" என்று ஒரு வரி இருந்தால் அந்த மனு பாதி வென்றது போல. ஆபத்து வரும் என்று தெரிந்தவர்கள் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒரு செய்தி வந்தால் என்ன அர்த்தம் என்று.

வக்கீலுக்குக் காசில்லை என்பவர்களுக்கு: உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்கு போன் செய்யலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். மற்ற ஆண்கள் வருமானச் சான்றிதழ் எடுத்துப்போக வேண்டும்.

படத்தைக் காட்டிப் பணம் கேட்டால்

டேட்டிங் ஆப்பில் பேசி, வியாசர்பாடி பக்கமோ மணலி பக்கமோ ஒரு அறைக்கு வரச்சொல்லி, உள்ளே போனதும் மூன்று பேர் வந்து அடித்து, வீடியோ எடுத்து, ஜிபேயில் பணத்தைப் பிடுங்குவார்கள். பையன்கள் இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தம்பி, தலை குனிய வேண்டியவன் நீ இல்லை.

பலருக்கு இது தெரியாது: புகாரில் நீங்கள் யார், யாரை விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. "அறிமுகமான ஒருவர் கூப்பிட்ட இடத்துக்குப் போனேன், அடித்தார்கள், என் அந்தரங்கப் படத்தை எடுத்தார்கள், பரப்புவதாக மிரட்டி இன்ன கணக்குக்கு இவ்வளவு ரூபாய் வாங்கினார்கள்." குற்றம் முழுதும் இதற்குள் வந்துவிட்டது. மிரட்டிப் பறிப்பது நியாய சன்ஹிதா 308, அடைத்து வைப்பது 127, கொலை மிரட்டல் 351, அந்தரங்கப் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ. எதற்குப் போனாய் என்று கேட்டால், "தெரிஞ்சவர் கூப்பிட்டார், போனேன்" என்பதற்கு மேல் சொல்லக் கடமையில்லை. ஒருவரின் பாலீர்ப்பு அவருடைய அந்தரங்கம் என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை பணம் போடாதீர்கள். போட்டால் மூன்றாம் தடவை கேட்பான். அரட்டையை அழிக்காதீர்கள். பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அழிப்பதுதான், கையிலிருந்த சாட்சி அத்தோடு போய்விடும். திரைப்பிடிப்பு எடுத்து, போனையும் அப்படியே வையுங்கள். உடனே 1930-க்கு அழையுங்கள், பணம் போன கணக்கை முடக்கச் சொல்லலாம். அடிபட்டிருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையில் அவசரப் பிரிவில் காட்டி, 'தெரிந்த நபர்கள் அடித்தது' என்று ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

எந்த எல்லை என்று அலைக்கழித்தால், எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவு. குறைந்தது சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதாவது வாங்காமல் படியிறங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். வாங்க மறுத்தால் தபாலில் மேலதிகாரிக்கு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டுக்கு.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆணை ஆண் பலாத்காரம் செய்தால், அதற்கென்று நியாய சன்ஹிதாவில் பிரிவு இல்லை. பழைய 377-ல் சம்மதமில்லாத பகுதி 2018-க்குப் பிறகும் குற்றமாகவே இருந்தது, 2024-ல் அதுவும் சேர்ந்து போய்விட்டது. இப்போது காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் என்றுதான் போட முடிகிறது. எங்களைத் துரத்த ஒன்றரை நூற்றாண்டு பிரிவு வைத்திருந்தவர்கள், எங்களுக்கு அநியாயம் நடந்தால் எழுத ஒரு பிரிவு வைக்கவில்லை. எனக்கு ஆற்ற முடியாத கோபம் இதுதான்.

"டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்"

1990-லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என்று எல்லா மாநில கவுன்சில்களுக்கும் எழுதியது. அதற்கும் வேர் அந்த சுஷ்மா வழக்குதான். அப்படி ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தால், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்க அந்தச் சீட்டு போதும்.

மனநல மருத்துவமனையில் வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு நான் சொல்லும் ஒரு காகிதம் உண்டு, செலவே இல்லாதது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14. வயது வந்த யாரும், வெள்ளைத் தாளில், "என் நியமனப் பிரதிநிதி இன்னார்" என்று எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். உங்கள் சிகிச்சை விஷயத்தில் அவர் பேச்சு அப்பா, அண்ணன் பேச்சுக்கு முந்தியது. இன்றைக்கே எழுதுங்கள், இரண்டு நகல். அதே சட்டத்தின் 18-வது பிரிவு, பாலீர்ப்பைக் காரணம் காட்டி சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அந்த வார்த்தை சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருப்பதை முதல் தடவை பார்த்தபோது விரலால் தடவிப் பார்த்தேன்.

போலீஸே தொல்லை கொடுத்தால்

2022-ல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்று சேர்த்தார்கள். நம்மையோ நமக்காக வேலை செய்பவர்களையோ காவலர் யாரும் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். துணை ஆணையருக்கு எழுதும் புகாரில் அந்த விதி எண்ணைக் குறிப்பிடுங்கள். துறை விசாரணை கேட்கிறோம் என்று அவர்களுக்குப் புரியும்.

மாநில மனித உரிமை ஆணையம் பசுமைவழிச் சாலையில், திருவரங்கம் மாளிகையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், தபாலிலும் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். பலர் மனது ஆறி, தைரியம் வந்து என்னிடம் வரும்போது பதினான்கு மாதம் ஆகியிருக்கும். தைரியம் வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள், பத்தாவது மாதம் யோசித்துக்கொள்ளலாம். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அப்படியே. "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் எடுபடாது. பேசிய வார்த்தையை, கெட்ட வார்த்தையானாலும், மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

சட்டம் இன்னும் தராதவை

2023 அக்டோபர் 17-ல் சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் கல்யாணத்தை அங்கீகரிப்பது நீதிமன்றத்தின் கையில் இல்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஜோடியாகத் தத்தெடுக்க முடியாது. வாடகைத் தாய்ச் சட்டத்தில் இடமில்லை. ஆணோடு உறவு வைக்கும் ஆண் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று 2017-ல் போட்ட வழிகாட்டுதலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருந்தது. திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019-ல் வேலை, வீடு இரண்டிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. அரசு பாகுபாடு காட்டினால் அரசியல் சாசனம் 15-வது பிரிவைக் காட்டலாம். தனியார் முதலாளி காட்டினால் கையில் ஆயுதம் குறைவு.

வீடு விஷயத்தில் ஒரு சின்னப் பிடி உண்டு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019-லிருந்து அதுதான் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ சொன்னார் என்று வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். நானும் என் துணைவனும் தண்டையார்பேட்டையில் மூன்று வீடு மாறிய பிறகுதான் இது எனக்குப் புத்தியில் ஏறியது.

சுப்ரியோ தீர்ப்புக்குப் பிறகு அமைத்த குழுவால் 2024-ல் சில சுற்றறிக்கைகள் வந்தன. சேர்ந்து வாழ்பவர்களை ஒரே குடும்பமாக ரேஷன் கார்டில் சேர்க்கலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினி போடவும் தடையில்லை. இறந்தவரின் உறவினர் இல்லாதபோது துணை உடலைப் பெற்றுக்கொள்ளலாம். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. வங்கியில் என்றால், நிதி அமைச்சகத்தின் 2024 ஆகஸ்ட் 28 சுற்றறிக்கை என்று தேதியோடு கேளுங்கள். மீதிக்கு உயில். வெள்ளைத் தாளே போதும், இரண்டு சாட்சி, சாட்சி போடுபவர் அந்தச் சொத்தில் பங்கு பெறுபவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு கட்டு, வெளியில் ஒரு கட்டு. எங்களுடைய இரண்டாவது கட்டு திருவொற்றியூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறது. உயில், நியமனப் பிரதிநிதித் தாள், வாடகை ஒப்பந்தம், ஒரு பச்சை நூலில் கட்டியது. அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கொடுத்த அன்று, "இதுல இன்னா எழுதிருக்கு?" என்று கேட்டாள். எனக்கு ஒன்று ஆனால் அவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றேன். கட்டைக் கையில் வாங்கி, கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டு, அவன் நம்பரை என் போனிலிருந்து பார்த்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின் அட்டையில் ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டாள்.